சிலோன் என்ற பெயரும் எங்கள் அரைப்பேரும்

இலங்கையின் சார்பில் வெளிநாடுகளுடன் வர்த்தக உடன்படிக்கைகளைப் பேசும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. கொழும்பில் இருக்கும் உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். இரண்டு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். அதாவது நாள் முழுவதும் மலையில் நின்றவளுக்கு அரைநாள் சம்பளம். மழை மாதங்களில் என் அம்மா தராசடியில் நின்றுகொண்டு கணக்கப்பிள்ளையின் பென்சில் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார். படங்குச் சேலையை அவிழ்க்கும் முன்பே பாட்டி வாசலில் நின்று கேட்பார்: "இன்றைக்கு என்ன பேர்?"

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அந்தப் பக்கத்திலேயே முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்களுக்கு எழுதக் காரணம், நீங்களும் பெயர்களை வைத்தே பேரம் பேசுகிறீர்கள். உடன்படிக்கைகளில் 'புலமைச் சொத்து' என்று, பெயருக்கும் இலச்சினைக்கும் கண்டுபிடிப்புக்கும் உரிமை பேசும் ஓர் அத்தியாயம் வருகிறதல்லவா, அதைப் பற்றியது இந்த மடல்.

சட்டப் புத்தகத்தில் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் உங்கள் கைப்புத்தகம்: புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு ஓர் இலக்கம் முன்னால், அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம். அதாவது எங்களுடையது. இலச்சினைக்கும் கண்டுபிடிப்புக்கும் உரிமை எழுதிய அதே பருவத்தில்தான், எங்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் செய்த வேலையின் மிச்சத்தை நாடாளுமன்றம் சரிசெய்துகொண்டிருந்தது. அதுவரை இலை சிலோன், பறித்த கை இந்தியா. 1972இல் நாடே தன் பெயரை மாற்றிக்கொண்டது. தேயிலை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை, ஏனென்றால் சிலோன் என்ற சொல்லுக்குச் சந்தையில் விலை இருந்தது.

ஒப்பந்தம் என்றால் எங்கள் முதியவர்களுக்கு இன்றும் ஒன்றே ஒன்றுதான். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்டது. நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சமான 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாகம் பிரித்தார்கள். சாக்குக் கணக்குப்போல. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் எதிலும் யாரும் வந்து கேட்கவில்லை. என் பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் ரயிலேறியது; அதற்குப் பிறகு கடிதங்களில் மட்டுமே அவரைப் பார்த்தோம்.

ஆட்களைப் பிரித்த ஒப்பந்தத்தோடு சுங்கவரி பேசும் உடன்படிக்கையை ஒப்பிடலாமா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். வாசிக்கத் தராத தாளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த அனுபவம் எங்களுக்கு இருப்பதால்தான் அடுத்த தாளைப் பற்றிக் கொஞ்சம் முன்கூட்டியே கேட்கிறோம்.

இந்தியாவுடன் 1998இல் கையொப்பமான உடன்படிக்கை எங்களுக்குப் புரிகிற மாதிரியானது. ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ வரை இலங்கைத் தேயிலை சலுகை வரியில் அங்கே போகலாம் என்றிருந்தது. கிலோவை நிறுக்கலாம், லொறியை எண்ணலாம். 2018இல் சிங்கப்பூருடனும் 2024 பெப்ரவரி 3ஆம் திகதி தாய்லாந்துடனும் செய்தவற்றில் பொருளோடு சேவை, முதலீடு, புலமைச் சொத்து எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆசியானின் பத்து நாடுகளும் சீனா, ஜப்பான், கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்தும் இருக்கும் ஆர்செப் எனப்படும் பெரிய பிராந்திய உடன்படிக்கையில் சேரவும் 2023இல் விண்ணப்பித்திருக்கிறோம். புலமைச் சொத்து அத்தியாயத்தைத் தராசில் வைக்க முடியாது. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பத்து வருடம் கழித்து மருந்துக்கடையில்தான் அது தெரியவரும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதை நான் பிந்தித்தான் கற்றேன், கற்றபோது பயந்தேன். சுங்கவரியை ஒரு நாட்டுக்கு மட்டும் குறைத்துவிட்டு மற்ற நாடுகளுக்கு அப்படியே வைத்திருக்கலாம். பிராந்திய உடன்படிக்கைக்கு உலக வர்த்தக அமைப்பு அந்த விலக்கைத் தருகிறது. புலமைச் சொத்தில் அந்த விலக்கு இல்லை. 1995இல் நடைமுறைக்கு வந்த, புலமைச் சொத்து பற்றிய அந்த அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரையின்படி, ஒரு நாட்டின் கம்பனிகளுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பாதுகாப்பை எல்லா உறுப்பு நாடுகளின் கம்பனிகளுக்கும் கொடுத்தாக வேண்டும். பாங்கொக்கில் விட்டுக்கொடுத்தது பெரிய மருந்துக் கம்பனிகள் இருக்கும் சுவிட்சர்லாந்தின் பாசலுக்கும் போய்ச் சேரும். ஆகவே "சின்ன உடன்படிக்கைதானே" என்று இந்த அத்தியாயத்தைப் பற்றி யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இனிப் பெயருக்கு வருகிறேன்.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். வறண்ட காற்று. தேயிலைச் செடி அந்த வாட்டத்தைத் தாங்கத் தனக்குள் செய்துகொள்ளும் மாற்றங்களில் மெதில் சலிசிலேட் என்ற பொருள் கூடும். ஊவாத் தேயிலையை உலகம் மூக்கால் அடையாளம் காண்பது அந்த மணத்தால்தான். அதே பொருளைத்தான் மூட்டுவலித் தைலத்தில் போடுகிறார்கள். பகலில் அந்த மணத்தைக் கூடையில் சுமந்தவள் இரவில் அதே மணத்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டு படுக்கிறாள். திம்புளையில் தரமான பருவம் தை, மாசி. நுவரெலியாத் தேயிலையின் நிறம் மெல்லியது. இவை எதையும் தொழிற்சாலையில் செய்ய முடியாது. ஓர் ஊரின் காற்றையும் பனியையும் சரிவையும் ஒரு சொல்லுக்குள் அடைப்பதுதான் புவிசார் குறியீடு என்றால், எங்கள் மலைகளைவிடத் தகுதியான இடம் எது?

ஆனால் டிரிப்ஸில் எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள். 23ஆம் உறுப்புரை திராட்சை மதுவுக்கும் வடித்தெடுக்கும் மதுபானங்களுக்கும் முழுப் பாதுகாப்புத் தருகிறது. ஷாம்பெயின் ஊரில் செய்யாத மதுவுக்கு 'ஷாம்பெயின் வகை' என்று ஒட்டுவதைக்கூடத் தடுக்கலாம். யாரும் ஏமாந்தார்களா என்ற கேள்வியே எழாது. தேயிலை 22ஆம் உறுப்புரையில் நிற்கிறது: வாங்குகிறவர் ஏமாற்றப்பட்டார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். குடிவகைக்கு முழுப்பேர், தேயிலைக்கு அரைப்பேர். இதை மற்றப் பொருட்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கை உலக வர்த்தக அமைப்பின் தோஹாப் பேச்சுக்களில் எழுந்து அங்கேயே உறங்குகிறது. அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் கிடைக்காததைப் பிராந்திய உடன்படிக்கையில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய, வியட்நாம் உடன்படிக்கையில் ஐரோப்பாவின் 169 பெயர்களுக்கு எதிராக வியட்நாம் தன் 39 பெயர்களைப் பட்டியலில் ஏற்றியது. மொக் சாவ் தேயிலையும் அதில் இருக்கிறது. டார்ஜிலிங் 2011இலேயே ஐரோப்பியப் பதிவு பெற்றுவிட்டது. எங்கள் பக்கம் சிலோன் கறுவா 2022 பெப்ரவரியில் அந்தப் பதிவைப் பெற்றது. இலங்கையின் முதல் பெயர் அது. புவிசார் குறியீடுகளுக்கென்று ஒரு பதிவேடு வைக்க 36ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்தியதும் 2022இல்தான். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை நல்ல இலச்சினை. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து இங்கேயே பொதி செய்தால்தான் அது கிடைக்கும். ஆனால் அது சபையின் உடைமையான ஒரு குறி. ஊவா, திம்புளை, நுவரெலியா, உடபுசல்லாவை என்பவை ஊர்களின் பெயர்கள். உங்கள் அடுத்த உடன்படிக்கையின் பின்னிணைப்பில் இந்த ஊர்களைத் தனித்தனியாக எழுதி, மதுவுக்கு உள்ள பாதுகாப்பையே கேளுங்கள்.

கேட்டு வாங்கிவிட்டால் எங்கள் அரைப்பேர் முழுப்பேர் ஆகிவிடுமா? ஆகாது, அந்தக் கனவு எனக்கு இல்லை. டார்ஜிலிங் என்ற பெயருக்குப் பதிவு கிடைத்துப் பல வருடங்களாகியும் அங்கே பறிக்கிறவர்கள் சம்பளத்துக்காக வீதிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏனென்றால் குறியீட்டின் பலன் 'உற்பத்தியாளர்' என்று எழுதப்படுகிறவருக்குப் போகிறது, உற்பத்தியாளர் யார் என்பதை, அந்தப் பெயருக்குரிய பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தர விவரக்கூற்றை எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். இங்கே ஒரு பழைய நல்ல சொல்லை நினைவுபடுத்துகிறேன். 1958ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை ஓர் ஊர்ப்பெயரின் தரம் 'இயற்கைக் காரணிகளும் மனிதக் காரணிகளும்' சேர்ந்தது என்றது. டிரிப்ஸின் வரைவிலக்கணத்தில் அந்த மனிதர் காணாமல் போய்விட்டார். புவியியல் மூலம் மட்டும் மிஞ்சியது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து விரலால் கிள்ளுவது மனிதக் காரணி இல்லாமல் வேறென்ன? கத்தரியால் வெட்டியதும் இயந்திரத்தால் அறுத்ததும் அதே தரமாகுமா என்று தேயிலை சுவைபார்ப்பவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கைகளை விவரக்கூற்றில் எழுதுங்கள். எழுதினால், அந்தக் கைகளை வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரைப் பதிவுசெய்யும் சங்கத்தில் ஒரு நாற்காலி கேட்க வழி பிறக்கும். அது போதும் இப்போதைக்கு.

பெயர் இப்படி. மருந்தில் எல்லாம் தலைகீழ்.

மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிச் செய்த பெரிய காரியம், மருந்திலிருந்து கம்பனிப் பெயரைக் கழற்றியது. பொதுப்பெயரில் வாங்கினால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும் மருந்துக்கு ஏன் இலச்சினைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். தேயிலைக்கு நாங்கள் பெயர் கேட்கிறோம், மருந்துக்குப் பெயர் வேண்டாம் என்கிறோம். இரண்டும் உங்கள் கோப்பில் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. ஒன்றை வாங்க மற்றதைக் கொடுத்துவிடுவீர்களோ என்பதே என் முதல் பயம்.

சீனி வருத்தமும் பிரஷரும் இப்போது எங்கள் லயங்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிறது. 2022இல் கிளினிக்குக்குப் போனவர்கள் கையில் குளிசைக்குப் பதில் துண்டுச்சீட்டோடு திரும்பினார்கள்: வெளியில் வாங்கவும். அது டொலர் இல்லாத காலம். டொலர் இருக்கும் காலத்திலும் மருந்தை எட்டாத உயரத்துக்கு ஏற்ற ஒரு வழி உண்டு, அதற்குச் 'சோதனைத் தரவுகளுக்கான தனியுரிமை' என்று அழகான பெயர். ஒரு கம்பனி தன் மருந்து வேலை செய்கிறது, ஆபத்தில்லை என்று பரிசோதித்த தரவை மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபையிடம் கொடுக்கிறது. பிறகு அதே மருந்தை மலிவாகச் செய்கிற இன்னொரு கம்பனி வந்தால், இரண்டும் ஒன்றே என்று காட்டினால் போதும். பழைய தரவை வைத்து அனுமதி கொடுப்பார்கள். இலங்கைக்கு வரும் இந்திய மருந்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. தனியுரிமை விதி வந்தால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ அந்தத் தரவைத் தொட முடியாது. ஆக்கவுரிமையே (பேடன்ட்) இல்லாத மருந்துக்கும் இது பூட்டு. ஆக்கவுரிமைக்காரரின் சம்மதமில்லாமலே மருந்தைச் செய்ய அரசாங்கம் இன்னொருவருக்குக் கட்டாய உரிமம் கொடுத்தாலும் பதிவு கிடைக்காமல் மருந்து துறைமுகத்தில் நிற்கும். 2001இல் எய்ட்ஸ் நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை இந்தியாவின் சிப்லா 350 டொலருக்குத் தருகிறேன் என்றதே, அப்படி ஒரு குரல் எழுவதற்கு இடைவெளியே இருக்காது.

நான் பயங்காட்டவில்லை. ஆர்செப் பேச்சுக்களில் ஜப்பானும் கொரியாவும் இதைக் கேட்டன. ஆக்கவுரிமைக் காலத்தை நீட்டவும் கேட்டன. வரைவு கசிந்ததால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நோயாளர் அமைப்புகள் சத்தம் போட்டன, பல நாடுகள் மறுத்தன, 2020 நவம்பர் 15இல் கையொப்பமான இறுதிப் பிரதியில் இரண்டும் இல்லை. பசிபிக் பக்கத்து டி.பி.பி. உடன்படிக்கையிலும் அமெரிக்கா 2017இல் விலகிய பிறகு, மிஞ்சிய நாடுகள் இந்த அத்தியாயத்தின் கடுமையான விதிகள் பலவற்றை இடைநிறுத்தின. கேட்டால் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதற்கு இவையே சாட்சி. நம் உயர் நீதிமன்றமும் உங்கள் பக்கம் இருக்கிறது: 2003இல் இதே புலமைச் சொத்துச் சட்டமூலம் அங்கே போனபோது, டிரிப்ஸும், பொதுச் சுகாதாரம் பற்றிய தோஹாப் பிரகடனமும் வளரும் நாடுகளுக்கு விட்டுவைத்த தளர்வுகளைச் சேர்க்காமல் விடுவது அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரண் என்று தீர்மானித்தது. பேச்சுவார்த்தை மேசைக்கு அந்தத் தீர்மானத்தின் பிரதியை எடுத்துச் செல்லுங்கள்.

விதையைப் பற்றி அதிகம் நீட்டவில்லை. கந்தப்பளையிலும் வெலிமடையிலும் கரட், கோவா, லீக்ஸ் போடுகிறவர்கள் ஏற்கெனவே இறக்குமதி விதைக்கு அடிமை. கலப்பின விதையை எடுத்து வைத்து மறுபடி போட்டால் சரியாக வராது, ஆகவே அங்கே சட்டத்துக்கு வேலை குறைவு. கிழங்கும் போஞ்சியும் வேறு. வீட்டில் எடுத்து வைத்த விதைக்கிழங்கைத்தான் லயத்துப் பின்புறத்தில் போடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறார்கள். யூபோவ் 1991 என்ற தாவர இன உடன்படிக்கையில் சேரும்படி பல வர்த்தக உடன்படிக்கைகள் கேட்கின்றன. அதன்படி பாதுகாக்கப்பட்ட இனத்தின் விதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது குற்றமாகலாம். 2019இல் குஜராத்தில் தன் எப்.சி.5 இனக் கிழங்கைப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ விவசாயிகள்மீது வழக்குப் போட்டு, நாடே கொந்தளித்த பிறகு திரும்பப் பெற்றது. அந்த விவசாயிகளுக்குச் சொல்லிக்கொள்ள இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டமாவது இருந்தது. எங்களிடம் என்ன இருக்கிறது? தலவாக்கலை சென்ற் கூம்ப்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உருவாக்கிய டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்களின் நாற்று, மக்கள் வரிப்பணத்திலும் தேயிலை வரியிலும் வளர்ந்தது. அதையும் யாரோ ஒருவருடைய சொத்தாக்கும் வாசகம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு விலகல். நான் தமிழ் படிப்பித்தவன், ஆகவே வினைமுற்றுக்களில் கண் போகும். ஆர்செப்பின் அத்தியாயத்தைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் வாசித்தபோது ஒன்று கண்டேன். ஆக்கவுரிமை, இலச்சினை என்று வரும் இடங்களில் பெரும்பாலும் 'செய்தல் வேண்டும்'. மரபறிவு, மூலிகை, உயிர்வளம் என்று வரும் இடத்தில் 'செய்யலாம்'. கோத்தல ஹிம்புட்டு மரக் குவளையில் இரவு முழுவதும் வைத்த தண்ணீரைச் சீனி வருத்தத்துக்குக் குடிப்பது நம் நாட்டுப் பழக்கம். அதன் சாறுக்கு வெளிநாட்டில் ஆக்கவுரிமை எடுத்தவர்கள் உண்டு. அந்தப் பக்கம் 'வேண்டும்', இந்தப் பக்கம் 'லாம்'. உயிர்வளம் எங்கிருந்து வந்தது என்று விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும் என 2024 மே மாதம் ஜெனீவாவில் ஒரு புதிய உலக உடன்படிக்கையே நிறைவேறியிருக்கும்போது, இந்த 'லாம்' எதற்கு?

இந்த வினைமுற்றுக்களைப் பார்க்கத்தான் வரைவைத் தமிழில் கேட்கிறேன். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டி நீங்கள் மறுக்கலாம் என்பது தெரியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கைகள் பற்றிய தீர்மானங்களை முன்கூட்டி வெளியிடுவதற்கு எதிராக விலக்குத் தருகிறது. அதே பிரிவு, பொதுநலன் மேலோங்கினால் தகவலை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் விலைப்புள்ளியையோ விட்டுக்கொடுக்கும் எல்லையையோ கேட்கவில்லை. எதிர்த்தரப்பு ஏற்கெனவே வாசித்துவிட்ட தாளைத்தான் கேட்கிறோம். அவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதில் என்ன இரகசியம்? சிங்கப்பூர் உடன்படிக்கையை ஆராய நிபுணர் குழு போட்டது கையொப்பம் இட்ட பிறகு. சோறு வடித்த பிறகு கல் பொறுக்குகிற வேலை அது.

வரைவு வந்தால் வாசிக்க ஆள் இருக்கிறார்களா என்று யோசிப்பீர்கள். இருக்கிறார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி கொழும்பில் சட்டம் படிக்கிறாள், விடுமுறைக்கு வருகிறாள். இன்னொருவன் வைத்தியசாலையில் மருந்தாளர். மரக்கறி போடுகிறவர்கள் இருவர், இளைப்பாறிய கணக்கப்பிள்ளை ஒருவர். பேர் எழுதிப் பழகிய கண், பிழையை விடாது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் கூடுவோம், மழை என்றால் கோயில் மண்டபத்தில். ஒரு பிரதி போதும், சத்தமாக வாசித்துக்கொள்வோம். பின்னிணைப்புகளை மட்டும் விட்டுவிடாமல் அனுப்புங்கள். எங்கள் மலைகளின் பெயர்கள் இருக்கின்றனவா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை